தங்கத்துக்குக் கொஞ்சம் எண்ணெய்

“ரெண்டு போச்சு. இன்னும் ஒண்ணு கிழிஞ்சா நீங்க வீட்டைப் பார்த்துப் போயிடலாம், மிஸஸ் டர்கன்.”

சொல்லிவிட்டு முதலாளி டெவெனி மாடியிலிருந்த தன் அறைக்குப் படியேறிவிட்டார். பெயர்ப்பலகைப் பட்டறையின் ஐந்து ஆண்களும் தூரிகைகளை அந்தரத்தில் நிறுத்தி, ஐலீஷ் டர்கனையே பார்த்தார்கள்.

சோதனை இதுதான். ஒரு மதுக்கடையின் ஜன்னல் கண்ணாடி. மூச்சுப் பட்டாலே பறக்கும் மெல்லிய தங்கத் தாள்கள், இருபத்தைந்து தங்க ரேக்குகள் கொண்ட ஒரு சின்னப் புத்தகம். மாதாகோயிலில் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் கண்ணாடியின் பின்புறம் முழுக்கத் தங்கம் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவது ரேக்கு வீணானால் வேலை இல்லை.

ஐலீஷுக்கு அந்த வேலை வேண்டும். அப்பாவின் பட்டறையில் இருபது வருடம் தங்கம் ஒட்டியவள் அவள். அப்பா போனதும் அண்ணன் பட்டறையை விற்றுவிட்டான். டெவெனியோ இரண்டு முறை மறுத்து எழுதினார். பெண்களுக்குக் கை நடுங்கும் என்றார். மூன்றாவது கடிதத்துக்குத்தான் “வந்து காட்டுங்கள்” என்று பதில் வந்தது.

கை நடுங்கவில்லை. கன்னம்தான் காலை வாரியது. தங்க ரேக்கை விரலால் தொட்டால் பொடியாகிவிடும். அணில் முடித் தூரிகையைக் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்து, அதில் ஒட்டும் துளி எண்ணெய்ப் பசையால்தான் அதைத் தூக்க வேண்டும். ஜனவரி மாதத்தில் ஷானன் ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்து வந்தவளின் கன்னம், சுட்ட ரொட்டி போலக் காய்ந்து கிடந்தது.

பட்டறையின் குறும்புக்காரன் மோஸி காலையிலேயே சீண்டலைத் தொடங்கியிருந்தான். கட்டம் போட்ட பெயிண்ட் ஒரு டின் வாங்கி வரச் சொன்னான். சின்னக் கட்டமா பெரிய கட்டமா, உன் கட்டம் போட்ட கால்சட்டையைக் கழற்றிக் கொடு, மாதிரி பார்த்து வாங்கி வருகிறேன் என்றாள் அவள். மற்ற நால்வரும் சிரித்ததை மோஸி இன்னும் மறக்கவில்லை.

அவன் பார்வை அடுப்போரம் போனது.

அங்கே ஒரு வழுக்கைத் தலையர் தொப்பியை முழங்காலில் வைத்து, குதிரைப் பந்தயப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் முன்னால் மழைக்கு ஒதுங்கியவர் போல உள்ளே வந்தவர். ஒரு கண்ணாடி விஷயமாக வந்தேன், அவசரமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தலை அடுப்பு வெளிச்சத்தில் மெருகேற்றியது போல மின்னியது.

மோஸி அவள் காதருகே குனிந்தான்.

“அக்கா, அவர் நம்ம பழைய ஆளு. ரிட்டையர் ஆனதும் இதுக்குன்னே உட்கார வச்சிருக்கோம். போய் அந்த மண்டையில ஒரு இழுப்பு இழுங்க. காது மந்தம், ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

ஐலீஷ் வழுக்கையைப் பார்த்தாள். மோஸியைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நேரே போய், முன்பின் யோசிக்காமல், அந்த உச்சந்தலையில் தூரிகையை இழுத்தாள்.

ஐந்து பேரும் மூச்சைப் பிடித்தார்கள். வாடிக்கையாளர் எழுந்து கத்துவார், டெவெனி இறங்கி வருவார், அவ்வளவுதான் கதை.

அந்த மனிதர் பக்கத்தைப் புரட்டினார்.

தூரிகை ரேக்கைத் தொட்டது. ரேக்கு எழுந்தது. பசைநீர் பூசிய ஈரக் கண்ணாடிக்கு அருகே போனதும் தானாகவே தாவி ஒட்டிக்கொண்டது. ஒரு சுருக்கம் இல்லை. ஐலீஷ் மறுபடி போனாள், மறுபடி வந்தாள். நான்காவது தடவையிலிருந்து, அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே அவர் தலையைச் சற்றுக் குனிந்து கொடுத்தார். மோஸியின் வாய் திறந்தபடியே நின்றது.

கடைசி ரேக்குக்காக அவள் அந்தத் தலையில் தூரிகையை வைத்தபோதுதான் டெவெனி இறங்கி வந்தார்.

“மிஸஸ் டர்கன். அவர் கஸ்டமர்.”

மோஸி ஏணிக்குப் பின்னால் போனான். டெவெனி வாடிக்கையாளரிடம் ஓடினார். மன்னிக்க வேண்டும், இந்தப் பெண்ணை இந்த நிமிடமே வெளியே அனுப்புகிறேன் என்று தடுமாறினார்.

“முதல்ல கண்ணாடியைப் பாருங்க சார்,” என்றார் அவர். “என் தலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

கடைசி ரேக்கு ஒட்டியது. மணி அடித்தது. கண்ணாடி காயும் வரை காத்திருந்தார்கள். பிறகு டெவெனி அதைத் தூக்கி முன்பக்கம் திருப்பினார். பொன் தகட்டில் அவருடைய மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. இருபத்து மூன்று ரேக்குகள். ஒரு இடைவெளி, ஒரு கீறல் கிடையாது.

டெவெனி தன் தொப்பியைக் கழற்றினார்.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. ஜன்னலோர மேசை உங்களுக்கு. மோஸி, உன் சாமானையெல்லாம் அங்கேருந்து எடு.”

ஐந்து பேரில் நான்கு பேர் கை தட்டினார்கள். சற்றுப் பொறுத்து ஏணிக்குப் பின்னாலிருந்தும் சத்தம் வந்தது.

டெவெனி வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, உங்கள் கண்ணாடியில் என்ன எழுத வேண்டும், அதையும் மிஸஸ் டர்கனே எழுதுவார் என்றார்.

“நான் வந்த கண்ணாடி விஷயம் நல்லபடியா முடிஞ்சுது சார்.” அவர் செய்தித்தாளை மடித்து, கைக்குட்டையால் தலையைத் துடைத்துத் தொப்பியை மாட்டினார். “கூட வந்தா சிரிப்பீங்களேன்னு தனியா வந்து உட்கார்ந்தேன். இவ எந்தச் சாக்குல என்கிட்ட வருவாள்னு முழிச்சிட்டிருந்தப்ப, அந்தத் தம்பிதான் வழி காட்டினாரு.”

ஐலீஷின் கருவிப்பெட்டியை உரிமையோடு தூக்கிக்கொண்டார்.

“பனிக்காலம் வந்தா என் பொண்டாட்டி கன்னம் காஞ்சு போயிடும், சார், கல்யாணமான நாள்லேருந்து அவளுக்கு இந்த மண்டைதான்.”