ஒரு விரல் அதிகம்

பாதி நகரம் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தது. மீதிப் பாதி இன்னும் வந்து சேரவில்லை.

"என்ன டாக்டர், உங்க ஏரியா டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?" என்றார் தளபதி.

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். எவனோ இடிச்சதுல ஒரு தண்ணி டேங்க் போச்சு," என்று பல் டாக்டர் துணி மூடிய பலகையை மேஜை மேல் இறக்கினார். "பரவாயில்ல, குண்டு விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

"என் பஸ்ல வந்திருந்தா டேங்க் பிழைச்சிருக்கும்," என்றார் டிரைவர்.

விளையாட்டுதான். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டிப் போடும் சண்டை. அதற்கான நகரத்தைத் தெர்மாகோலிலும் அட்டையிலும் ஆளுக்கு ஒன்றிரண்டு தெருவாக வீட்டில் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஓர் அடிச் சதுரம். எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் ரோடு ரோட்டோடு சேர வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் குழுவோடு போட்டி.

குழுவை ஆரம்பித்தவர் என்பதால் அவருக்குத் தளபதி என்று பெயர். அவருடைய மர ஸ்கேல்தான் எல்லோருக்கும் அளவு. ஸ்கேல் நீளம் எவ்வளவோ, பலகை அவ்வளவு. வீடு வீடாகச் சுற்றியதில் பெயின்ட் படிந்து எண்கள் மறைந்து, ஓரத்துக் கோடுகள்தான் மிச்சம். இப்போதும் அதை வைத்துத்தான் ஒரு பெயின்ட் டப்பா மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்.

"என்னோடதும் ரெடிங்க," என்று அவர் மனைவி உள்ளேயிருந்து பலகையைத் தூக்கி வந்தாள்.

தளபதி நிமிர்ந்து பார்த்தார். தானும் ஆட வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றதில், பலகை ஒழுங்காக வந்தால் அணியில் ஓர் இடம் என்று நண்பர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் தெருவிலும் ஒரு மருந்துக்கடை இருந்தது. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை மடித்து ஷட்டர். மாடியில் நூல் கொடி, அதில் நகம் அளவுக்குச் சட்டைகள். கடை வாசலில், பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரு பெஞ்சு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "பெஞ்சுல எவ்வளவு சன்னமா கோடு போட்டிருக்கீங்க அண்ணி. எந்த பிரஷ்?"

"கோடு நான் போடலைங்க. கீழ கிடந்த கட்டை, அதுலயே இருந்துச்சு. பிரவுன் மட்டும்தான் நான் அடிச்சேன்."

டாக்டர் தன் தெருவை அவள் தெருவோடு சேர்த்து வைத்தார். ஒரு விரல் அகலத்துக்கு அவளுடையது வெளியே துருத்தி நின்றது. திருப்பி வைத்தார். அந்தப் பக்கமும் துருத்தியது.

"அண்ணி தெரு மட்டும் கொஞ்சம் சதை போட்டிருக்கு," என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தளபதியால் முடியவில்லை, காது மடல் சுட்டது.

"ஒரு அடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"ஒரு அடிதாங்க. டேப் வச்சு அளந்தேன்."

"டேப்பெல்லாம் ஜாக்கெட்டுக்கு." ஸ்கேலை அவள் பலகை மேல் வைத்தார். பலகை மிஞ்சியது. "பாரு, நீயே பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "இருங்க, அந்த ஸ்கேலை இப்படிக் குடுங்க..."

"போதும். நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே."

பிளேடை எடுத்தார். ஒரு பக்கம் வெறும் ரோடு, வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபக்கம் மருந்துக்கடை வாசல். பெஞ்சோடு சேர்த்து ஒரு விரல் அகலத் துண்டு கழன்று விழுந்தது. காலால் அதைக் குப்பைக் கூடைப் பக்கம் தள்ளினார்.

இப்போது பலகை பொருந்தியது. "டீம்ல அடுத்த தடவை பாக்கலாம் அண்ணி," என்று டிரைவர் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். அவள் கையில் ஒட்டியிருந்த தெர்மாகோல் பொடியைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. குழுவில் இன்னொருவரான மெக்கானிக் ஒரு மரச்சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பலகைகள் நகராமல் இருக்க, மூன்றடிக்கு இரண்டடி என்று தச்சரிடம் சொல்லிச் செய்தது.

தெருக்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார்கள். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி நகரம் தொளதொளவென்று ஆடியது.

தளபதிக்கு உயிர் வந்தது. திட்டுவதற்கு இன்னோர் ஆள் கிடைத்துவிட்டார். ஸ்கேலைச் சட்டத்துக்குள் வைத்து வைத்து அளந்தார். "நீளத்துலயும் மிச்சம், அகலத்துலயும் மிச்சம். அளக்கத் தெரியாதவரெல்லாம் தச்சரு. போனைப் போடுங்க அவருக்கு."

மெக்கானிக் போனைப் போட்டார்.

அவள் குனிந்து, கூடையோரம் கிடந்த துண்டை எடுத்தாள். பெஞ்சை மட்டும் பெயர்த்து, அதன் மேலிருந்த பிரவுன் பெயின்டை நகத்தால் சுரண்டினாள். கணவர் கையிலிருந்த ஸ்கேலின் முனையில் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. ஸ்கேலில் விட்ட இடத்திலிருந்து பெஞ்சின் கோடுகள் தொடர்ந்தன.

"சொல்லுங்க சார், சட்டம் பொருந்திச்சா?" என்றது போனில் தச்சரின் குரல்.

அவள் கணவரிடம் மெல்லச் சொன்னாள்.

"போன மாசம் டப்பா திறக்கும்போது நீங்க உடைச்ச முனைங்க இது."