ஒரு கால் நீளம்

பத்மாசனி வீட்டுச் சமையலறை மூலையில் இருந்த தேக்கு மேசையை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, கடையில் வாங்கிய பளபள மேசையை அங்கே போட்டார்கள். ஹாலுக்கு வந்ததும் தேக்கு மேசை ஆடியது.

"என்ன பெரியவரே, ஒரு கால் நீளமா இருக்கே! உங்களைச் செஞ்சவருக்கு அளக்கத் தெரியாதா?" என்று சமையலறையிலிருந்து சிரித்தது புது மேசை. "என் நாலு காலும் மெஷின்ல வெட்டினது. டிராயருக்குள்ள பத்து வருஷ கேரண்டி கார்டே இருக்கு!"

தேக்கு மேசைக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஓடுவதற்காகச் சமையலறையின் அந்த மூலையில் தரையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதைச் செய்த நாகலிங்க ஆசாரி அங்கே குப்புறப் படுத்து அளந்து, அந்த ஒரு காலை மட்டும் விரற்கடை நீளமாக விட்டது அதற்கல்லவா தெரியும்!

மத்தியானம் பத்மாசனி ரசப் பாத்திரத்தைக் கொண்டுவந்து புது மேசைமேல் வைத்தாள். மேசை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. ரசம் அவள் புடவையெல்லாம் ஆனது.

"கர்மம், கர்மம்!" என்றவள் டிராயரை இழுத்து, கைக்கு அகப்பட்ட அட்டையை நாலாக மடித்து, ஆடிய காலுக்கு அடியில் செருகினாள்.

தேக்கு மேசை ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ஏன் தம்பி, கேரண்டி கார்டு நல்லாத் தாங்குதா?"