தாளம் தப்பும் யானை

வெவ்வேறு ஊர்க் குழந்தைகள் போனில் சேர்ந்து வாசிக்கும் அந்த இசைச் செயலி, பெரியவர்களின் விரலைக் கண்டுபிடித்தால் வெளியே தள்ளிவிடும். அதனால் தணிகைவேல் சுண்டுவிரலால்தான் தட்டுவான். அதுவும் வேண்டுமென்றே ஒரு தட்டு பிந்தி. திரையில் அவன் மேளம் அடிக்கும் யானை. மணி அடிக்கும் கிளி, கோயம்புத்தூரில் தாயோடு இருக்கும் அவனுடைய நாலு வயது மகள் மகிழ். நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்தது வாரம் ஒரு போன்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் யானை யாரென்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை கிளி முதன்முறையாக ஒரு தாளத்தைப் பிசகாமல் அடித்து முடித்தது. பூரித்துப்போன தணிகைவேல் தன்னை மறந்து, ஐந்து விரலாலும் அதே தாளத்தைத் திருப்பி வாசித்துவிட்டான்.

'பெரியவர்களுக்கு அனுமதியில்லை. குழந்தை ஏங்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டுத் திரை அணைந்தது. பிறகு அவனுக்கு அது திறக்கவே இல்லை.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மணியானால் பிள்ளை தேடுமே, அழுமே என்று தவித்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை சரியாக ஆறு மணிக்குப் போன் செய்தான். பிரிந்துபோன மனைவி பவித்ராதான் எடுத்தாள்.

"பாப்பா அழறாளா?"

"எதுக்கு அழணும்? வெளையாடிட்டு இருக்கறா. கூப்பிட்டா வர மாட்டேங்கறா."

அவளுக்குப் பின்னால் மணிச் சத்தம் கேட்டது. பதிலுக்கு மேளம், ஒரு தட்டு பிந்தி, அவன் அடிப்பது போலவே அடித்தது.

"அம்மா, யானை இன்னைக்கும் தப்பாத்தான் அடிக்குது" என்று மகிழ் சிரித்தாள்.