மொட்டை தோற்ற கதை

"ஆமையும் அவுட்" என்றார் அப்பா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆமை என்பது ஒரு பிரவுசர். ஊரே உபயோகிக்கிற பிரவுசர் நம்மை வேவு பார்க்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டார். அன்றிலிருந்து யாருமே கேள்விப்படாத பிரவுசர்களாகத் தேடிப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாததால், படத்தைப் பார்த்து நானே பெயர் வைத்தேன். ஆமை, ஆந்தை, கப்பல். நாலாவதற்குத் தலையில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. அது மொட்டை.

சோதனை ரொம்ப சுலபம். ஒவ்வொன்றிலும் 'முழங்கால் வலி' என்று தேடுவார். அப்புறம் அதே பிரவுசரில் செய்தி படிப்பார். நடுவில் தைல விளம்பரம் தலைகாட்டினால், அது கோள் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

ஆமையில் தைலம் வந்தது. ஆந்தையில் தைலத்தோடு கைத்தடியும் வந்தது.

தனக்கு நிஜமாகவே முழங்கால் வலிக்கிறது, அந்தத் தைலத்தையாவது வாங்கித் தரக்கூடாதா என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். ஆராய்ச்சியாளர் காதில் அது விழவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் சொற்பொழிவு. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் மூக்கால் படிக்கவும்:

"ஒரு மனுஷன் எங்க போறான், எதைப் பார்க்கிறான்னு பின்னாலேயே மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றது இருக்கே, அதைவிடக் கேவலம் உலகத்துல இல்ல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் அப்பாவிடமிருந்து வந்த ஒரே பதில், "பார்க்கலாம்."

"அதேதாம்ப்பா நானும் சொல்றேன்." பால் பாத்திரத்தை நெருங்கும் பூனையின் குரல் அவளுக்கு. "யாரும் பின்னாலேயே வரவேண்டாம். என்னை நம்பி அனுப்புங்க."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"தாராளமா போம்மா. உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்?"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அம்மா முந்தானையைத் தேடினாள். அப்பா மாதிரி பேசிக்காட்டத் தயாராக இருந்த நானே வாயை மூடிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்து தீர்ப்பை வாசித்தார். வெற்றி பெற்றது கப்பல்.

எனக்கு இடித்தது. கப்பலில் தைலம் ஒரு தடவை எட்டிப் பார்த்ததே? மொட்டையில் கடைசிவரை ஒரு சொட்டுகூட வரவில்லை. யாரிடமும் எதையும் மூச்சுவிடாத அழுத்தக்காரன் அது.

"மொட்டைதானேப்பா ஃபர்ஸ்ட்டு? அதை ஏன் கழிச்சு விட்டீங்க?"

"அது நமக்குச் சரிப்படாதுடா. ரொம்பத்தான் மறைக்குது."

பதிலை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று அக்கா துள்ளிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "இரு இரு, நான் மூடிட்டுத் தரேன்" என்று அப்பா எழுந்து ஓடினார். அதற்குள் அவள் கப்பலைத் திறந்துவிட்டாள்.

திரை முழுக்க ஒரு வரைபடம். எங்கள் வீட்டின் மேல் ஒரு நீலப் புள்ளி. அங்கிருந்து பேருந்து நிறுத்தம், சிநேகிதி வீடு, செருப்புக் கடை என்று காலையிலிருந்து அவள் போய்வந்த இடமெல்லாம் ஒரே கோடாக ஓடியது. மேலே தலைப்பு: 'மகள் போன்.'

அப்பா திரையைத் தட்டிக் காட்டினார். வாங்கிய சாமான் சரியில்லை என்று கடைக்காரரிடம் குறை சொல்லும் குரலில் படிக்கவும்:

"நீ தைரியமா போம்மா, கப்பல்ல நல்லாத் தெரியுது. அந்த மொட்டையிலதான் நீ எங்க இருக்கேன்னே காட்ட மாட்டேங்குது."