மூப்பர் மகள் வாசித்த கவிதை

பிள்ளைகளைக் கொண்டாடும் வெள்ளை ஞாயிறன்று அவர்களுக்குப் பெற்றவர்கள்தான் பரிமாற வேண்டும். சமோவாவில் அந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால், மாலியா இன்று மகளுக்கு ஒரு வாய்கூடப் போட்டிருக்க மாட்டாள்.

“வேதவசனம் சொல்லத்தானேடி சபையில மேடை ஏத்துனோம்? கண்ட கருமத்தையும் கவிதைன்னு வாசிக்கிறே! ‘கொப்பரைக் கொட்டகைக்கு வா, உன் கழுத்து வேர்வை தேங்காய்ப்பாலாய் இனிக்கிறது!’ தூ! குமட்டிட்டு வந்துச்சு எனக்கு.”

பெனினா நிமிராமல் சாப்பிட்டாள்.

“பாட்டுக்குழு லூதா பாவம், விசிறியைப் போட்டுட்டு எழுந்தே போயிட்டா. அவளுக்கே அவ்வளவு அருவருப்பு!”

கணவர் தாவிதா, மகளுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட பலுசாமி இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

“பேருதான் சபை மூப்பர்! மக மானத்தை வாங்கிட்டு வந்திருக்கா, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“விடு மாலியா, சின்னப் பொண்ணு.”

“சின்னப் பொண்ணு எழுதுறதா இது? எந்தப் பயலுக்குடி எழுதினே?”

பெனினா கையைக் கழுவினாள்.

“நான் எழுதலம்மா. அப்பாவோட வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடச் சொன்னியே, அதுல இருந்துச்சு. மேல ‘என் லூதாவுக்கு’ன்னு போட்டிருந்துச்சு. எனக்கும் குமட்டிட்டுத்தான் வந்துச்சு.”

“அதை ஏன்டி சபையில வாசிச்சே?”

“இன்னிக்கு ஒருநாள்தானே நாங்க பேசுறப்ப பெரியவங்க தடுக்கக் கூடாது?”

தாவிதாவின் கையில் பொட்டலம் அப்படியே நின்றது.

மாலியா, கணவருக்கென்று மூடி வைத்திருந்த தட்டை எடுத்துப்போய், வாசலில் படுத்திருந்த நாயின் முன்னால் வைத்தாள்.