தாராளக் குடும்பம்

பக்கத்து வீட்டு வனிதாவின் கதவில் அரசு ஒட்டிய ‘தாராளக் குடும்பம்’ ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் சுகந்தமணிக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் காசை இறுக்கிப் பிடித்ததால்தான் வியாபாரம் படுத்து மில்கள் மூடின என்று கண்டுபிடித்த அரசு, மறுபடி திறந்த மில்களில் முதல் வேலையை ஸ்டிக்கர் ஒட்டிய செலவாளி வீடுகளுக்கே கொடுத்தது. வனிதாவின் புருஷன் இரண்டு மாதமாக ஷிப்டுக்குப் போகிறான். சுகந்தமணியின் புருஷன் பழனிச்சாமி வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மீந்த சோத்தக் குப்பையில கொட்டறவளுக்கு ஸ்டிக்கர் ஒட்டறாங்க. நமக்கென்னங்க குறைச்சல்?” என்று அவரிடம் பொருமினாள்.

சுகந்தமணியின் வீட்டைச் சோதிக்க அதிகாரி வரும் நாளும் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியை அவளே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வைத்தாள். வனிதாவின் கதவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் செலவு பண்றீங்க” என்று அதிகாரி ஸ்டிக்கரை எடுத்தார். அப்படியே பால்கனியை எட்டிப் பார்த்தவர், அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொடியில் கழுவிய பால் கவர்கள் நான்கு, கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன.

“காப்பி போட்ட கையோட கழுவிட்டனுங்க. நெனச்சுச் செய்யலீங்க சார்!”

அவர் போய்விட்டார். சுகந்தமணி பக்கத்துப் பால்கனியை எட்டிப் பார்த்தாள். கொடி வெறுமையாகக் கிடந்தது.

“பாத்தீங்களா அவ சாமர்த்தியத்த? கவரையெல்லாம் உள்ளுக்குள்ளயே காயப் போடறாளுங்க!” என்றாள் பழனிச்சாமியிடம்.