தொட்டால் எரியும் விளக்கு

“அண்ணே, நீங்க குடுத்த சாமான்ல எதுவோ சொத்தை. நான் தொட்டா எரியுது, இவ தொட்டா எரிய மாட்டேங்குது!”

டிரைவர் தான் செய்த விடிவிளக்கை எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரின் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் மனைவி நின்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு அது. ஒயரை ஈயத்தால் பற்றவைக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டு, பேட்டரியைத் தலைகீழாய்ப் போட்டு, ஒருவழியாய் எரியவைத்த முதல் விளக்கு. அவர் வேலை முடிந்து வரும்வரை, சுவர் சுவிட்சோடு போராடி ஓய்ந்து, அவள் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாளே!

கடைக்காரர் விளக்கின் தலையிலிருந்த தகட்டைத் தொட்டார். எரிந்தது. மறுபடி தொட்டார். அணைந்தது.

“கோளாறு ஒண்ணும் இல்லையே தம்பி. நீங்க தொடுங்கம்மா.”

அவள் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். ம்ஹும்.

“இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொடுங்க.”

‘டக்’கென்று சத்தம் கேட்டது. விளக்கு எரியவில்லை.

கடைக்காரர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். மறு கையையும் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

“தம்பி... இது தோல் பட்டாத்தான் எரியும். பிளாஸ்டிக் கைக்கு எரியாது.”

தகடு வெட்டும் மெஷின் அவள் கைகளைப் பறித்துக்கொண்ட பிறகு, தினமும் காலையில் இந்தக் கைகளை மாட்டிவிடுகிறவர் அவர்தான். இது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று? டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் மெல்லக் குனிந்து தகட்டில் கன்னத்தை வைத்தாள். விளக்கு எரிந்தது.

“அழாதீங்க. கன்னம் இன்னும் என்னோடதுதானே?”